ஒரு குடோன், இரண்டு பூட்டு

போன வியாழக்கிழமை விழுப்புரத்தில் என்னைத் திருடன் என்று பிடித்துவிட்டார்கள்.

'இத்தனை வருஷம் கழித்தா?' என்று இந்தப் பத்தியை விடாமல் படித்துவரும் அன்பர்கள் கேட்கக்கூடும். கேளுங்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள்.

விஷயம் இதுதான். ஸ்டேஷன் ரோடில் புதிதாக ஒரு பாங்க் கிளை திறந்தார்கள். அந்த ரோடில் அது மூன்றாவது பாங்க். பந்தல், வாழைமரம், பன்னீர்ச் செம்பு, ஆளுக்கொரு லட்டு. கட்டிடத்தின் சொந்தக்காரருக்கு ஆள் உயர மாலை; அதற்குமேல் மூக்கு மட்டும்தான் தெரிந்தது, எங்கேயோ பார்த்த மூக்கு. எனக்கும் அழைப்பு வந்திருந்தது. விழா முடிந்ததும் கிளையின் புது ஏஜென்ட் எல்லோரையும் பின்னால் அழைத்துப்போய், வியாபாரிகளின் சரக்கை அடகு பிடித்து வைப்பதற்காக எடுத்திருக்கும் குடோனைக் காட்டினார். இரும்புக் கதவு. அதில் தேங்காய் பருமனுக்கு ஒரு பூட்டு.

எல்லோரும் பூட்டைப் பார்த்து வியந்தார்கள். எனக்கு வியர்த்தது.

மெதுவாக நழுவினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாக்கடையைத் தாண்டி, நெருஞ்சி முள்ளை மிதித்து, குடோனின் பின்பக்கம் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாருய்யா அது? இங்க இன்னா பண்ணிக்கினு இருக்கிற?"

வாட்ச்மேன். கையில் தடி.

"பின்பக்கம் கதவு ஏதாவது இருக்குதான்னு பார்க்க வந்தேன்" என்றேன். முழு உண்மை. எந்தத் திருடனும் இவ்வளவு யோக்கியமாகப் பதில் சொல்லியிருக்க மாட்டான். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பிடியிலேயே என்னைக் கொஞ்ச நேரம் விட்டுவையுங்கள். ஐம்பது வயதுக்காரன், பேத்தி எடுத்தவன், ஏன் சுவரைத் தடவினான் என்பதைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

எட்டொன்பது வருஷத்துக்கு முன்னால் நான் திண்டிவனத்தில் பாங்க் ஏஜென்ட். அதாவது கிளைக்குத் தலைவன். தலைவன் என்றால் பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்களுடையது சின்ன பாங்க். எனக்குக் கீழே இரண்டு குமாஸ்தா, ஒரு கேஷியர், ஒரு மேஜை விசிறி. விசிறி மட்டும்தான் சொன்னபடி கேட்கும்... அதுவும் கரண்ட் இருந்தால்.

திண்டிவனத்தில் பாங்க் என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை. வியாபாரி மல்லாட்டையை வாங்கி உடைத்து, பருப்பை மூட்டை பிடித்து, குடோனில் அடுக்குவார். பாங்க் அந்தக் குடோனுக்குத் தன் பூட்டைப் போட்டு, 'இதில் உள்ள சரக்கு இந்த பாங்குக்கு அடகு' என்று ஒரு தகரப் பலகை மாட்டி, சரக்கின் பேரில் கடன் கொடுக்கும். சாவி ஏஜென்டின் இடுப்பில். மாதம் ஒரு தரம் அவர் நேரில் போய் மூட்டைகளை எண்ணி, 'நான் என் கண்ணால் பார்த்து எண்ணிச் சரிபார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டுத் தலைமை ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். எண்ணாமல் போட்டால் வேலை போகும். சரக்கும் இல்லையென்றால் ஜெயில்.

ஐந்து மாதம் நான் எண்ணாமல் போட்டேன்.

ஏன் என்று கேட்டால், காரணம் எதிர்வரிசையில் இருந்தது. அந்த வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய பாங்க் வந்து, எங்கள் கிளைக்கு நேர் எதிரே கடை விரித்தது. அவர்களிடம் கூரை விசிறியே மூன்று. அதன் ஏஜென்டின் பெயர் சேஷாத்ரி. அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவார். அவர் காபி குடிக்கும் ஓட்டலில் நான் குடிக்க மாட்டேன். அவர் சாயங்காலம் கோயிலுக்குப் போனால் நான் காலையில் போவேன். ஒரு தரம் மயிலம் பஸ்ஸில் அவர் ஏறியதைப் பார்த்து நான் இறங்கிவிட்டேன் — டிக்கெட் வாங்கிய பிறகு!

எங்கள் தலைமை ஆபீசிலிருந்து வாரம் ஒரு கடிதம். 'எதிர் பாங்க் நம் வியாபாரத்தைக் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ளவும். ஒரு வாடிக்கைக்காரர் போனாலும் நீர் பொறுப்பு.'

இந்தச் சமயத்தில்தான் பம்பாயிலிருந்து சர்க்குலர் வந்தது. எல்லா பாங்குகளுக்கும் மேலே உட்கார்ந்து உத்தரவு போடுகிற ஆபீஸ் அது. வியாபாரிகள் பாங்க் பணத்தில் சரக்கை வாங்கிப் பதுக்கி எண்ணெய் விலையை ஏற்றுகிறார்கள். ஆகவே மல்லாட்டையின் பேரில் இனிமேல் சரக்கு மதிப்பில் முக்கால் பங்கு கொடுக்காதே, பாதிதான் கொடு. ஏற்கெனவே அதிகமாகக் கொடுத்த கால் பங்கைத் திரும்ப வசூல் செய். நியாயமான உத்தரவு. என் வீட்டிலும் எண்ணெய் வாங்குகிறோம்.

ஆனால் இரண்டும் ஒரே தபாலில் வந்தால் மனிதன் என்ன செய்வான்? ஒரு உறையில் 'அதிகமாகக் கொடு'. இன்னொரு உறையில் 'குறைத்துக் கொடு'. இரண்டிலும் கடைசி வரி ஒன்றே... 'தவறினால் நீர் பொறுப்பு.'

என் கிளையின் பெரிய வாடிக்கைக்காரர் மண்டி வரதராஜன். பாதி கிளையே அவர்தான். கால் பங்கைத் திருப்பிக் கட்டுங்கள் என்று அவரிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் எதிர் பாங்குக்குப் போய்விடுவாரே? இரண்டு நாள் பயந்து, மூன்றாம் நாள் கேட்டேன்.

"அதுக்கின்னா ஏஜென்ட் சார், கட்டிட்டாப் போச்சு" என்றார்.

ஒரே வாரத்தில் கட்டினார்! ஜில்லாவிலேயே முதலில் வசூல் செய்த கிளை எங்களுடையது. தலைமை ஆபீசிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதைப் பத்து நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிஷமாவது யோசித்தேனா? பாராட்டுக் கடிதம் பையில் இருக்கும்போது யார் யோசிப்பார்கள்?

அப்பேர்ப்பட்ட மனிதரின் குடோனில் போய் மூட்டையை எண்ணுவதா? ஒரு தரம் எண்ணத்தான் போனேன். கதவைத் திறந்தால் எதிரே தரையிலிருந்து உத்தரம் வரை மூட்டைச் சுவர். வரதராஜன் நாற்காலி போட்டு, சோடா உடைத்துக் கொடுத்தார்.

"எண்ணுங்க சார், தாராளமா எண்ணுங்க. என்ன... எதிர் பாங்கில எண்றதே இல்லியாம். வாசல்லியே நின்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறாராம் அந்த கோட்டு ஏஜென்ட்டு. ஜனங்க பேசிக்கிறாங்க."

சோடாவைக் குடித்தேன். வாசலிலேயே நின்று கையெழுத்துப் போட்டேன். அப்படியே ஐந்து மாதமும் அதே நாற்காலி, அதே சோடா.

பிறகு ஒரு திங்கட்கிழமை கடிதம் வந்தது. மறுநாள் பம்பாய் ஆபீசின் இன்ஸ்பெக்டர் திண்டிவனம் வருகிறார். காலை பதினொன்றுக்கு எங்கள் கிளை. அடகுச் சரக்கை நேரில் பார்வையிடுவார்.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஒருவேளை அந்த மூட்டைச் சுவருக்குப் பின்னால் வெறும் உமியாக இருந்தால்? மூட்டையே இல்லாவிட்டால்? எனக்கு மூன்று பெண்கள். மூத்தவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் 'பெண்ணின் தகப்பனார் எங்கே இருக்கிறார்?' என்று கேட்டால் என் மனைவி 'கடலூர் ஜெயிலில்' என்று சொல்லும் காட்சி கண்முன் வந்து வந்து போயிற்று.

செவ்வாய் காலை எட்டு மணிக்கே குடோனுக்குப் போய்விட்டேன். முகத்தில் கைக்குட்டை, கையில் வெள்ளைச் சாக்கட்டி. சுவர் ஓரமாக ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு ஒரு சந்து இருந்தது. அதில் நுழைந்து எண்ணத் தொடங்கினேன். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கோடு. நல்ல சரக்கு. உமி இல்லை. உள்ளே போகப் போக எனக்கு உயிர் திரும்பி வந்தது. நாற்பது... நாற்பத்தொன்று...

"எழுபத்திரண்டு" என்றது இருட்டு.

நான் நின்றேன்.

"எழுபத்து மூணு. எழுபத்து நாலு."

முதலில் பேய் என்று நினைத்தேன். அப்புறம் திருடன் என்று நினைத்தேன். திருடன் ஏன் மூட்டையை எண்ணுகிறான்? மூன்றாவதாக ஒரு நினைப்பு வந்தது பாருங்கள் — பேயாகவே இருந்துவிடக் கூடாதா என்று சுவாமியை வேண்டிக்கொண்டேன்.

சந்தின் மறுமுனையிலிருந்து ஒரு கோட்டு வந்தது. மூக்கில் கைக்குட்டை. கையில் நீலச் சாக்கட்டி.

"யார் அது?" என்றேன்.

"அதை நான் கேட்கணும். இது எங்க பாங்க் குடோன்."

"எங்க பாங்க் குடோன் சார் இது. முன்கதவிலே எங்க பூட்டு."

"பின்கதவிலே எங்க பூட்டு" என்றார் சேஷாத்ரி.

எங்கள் நடுவே ஒரு மூட்டை. ஒரு பக்கம் அவருடைய நீலக் கோடு, மறுபக்கம் என்னுடைய வெள்ளைக் கோடு. இரண்டு பேரும் அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தக் குடோன் இரண்டு தெருவுக்கு நடுவே நீளமாகக் கிடந்த கட்டிடம். கடைத்தெருவில் ஒரு வாசல், பின்தெருவில் ஒரு வாசல். ஒரே மூட்டைச் சுவரின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்; முதுகை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரதராஜனுக்கு ஆள் அனுப்பினோம். மனிதர் பதறவே இல்லை. இரண்டு சோடாவுடன் வந்தார்.

"இதில இன்னா சார் தப்பு? சரக்குக்குப் பாதிதான் கடன்னு சர்க்குலர் சொல்லுது. சரின்னு உங்க கிட்ட பாதி வாங்கினேன். அவரு கிட்ட பாதி வாங்கினேன். பாதிக்கு மேல யாராவது ஒருத்தர் கொடுத்தீங்களா? கிடையாது. உங்களுக்குக் கட்டின கால் பங்கு கூட அவரு பாங்கிப் பணம்தான். எந்த பாங்கிக்காவது நான் ஒரு நாள் வட்டி பாக்கி வச்சிருக்கேனா?"

"ஒரே சரக்கை ரெண்டு இடத்தில் அடகு வைக்கலாமா ஐயா?" என்றார் சேஷாத்ரி. அழுதுவிடுவார் போல இருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் எதிர் எதிரே உட்கார்ந்துக்கினு இருக்கீங்க. பேசிக்கினு இருப்பீங்கன்னு நெனச்சேன்."

வெளியே களத்தில் பருப்பு உலர்த்திக்கொண்டிருந்த அஞ்சலை என்ற பெண்பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னிக்குத்தான் ஜோடி சேர்ந்தீங்களா சார்? இவரு முன்னாடி பூட்டிக்கினு போவாரு, அவரு பின்னாடி பூட்டிக்கினு போவாரு. அஞ்சு மாசமா பாத்துக்கினுதான் இருக்கிறோம்."

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன்.

"நீங்க ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா சார்?"

மணி ஒன்பதே கால். சேஷாத்ரி என் பூட்டை எடுக்கச் சொன்னார். நான் அவர் பூட்டை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டால் இன்ஸ்பெக்டரிடம் எதைக் காட்டுவது? அவரும் ஐந்து மாதமாக எண்ணாமல் கையெழுத்துப் போட்டவர்தான். அவருக்குச் சொல்லப்பட்ட கதையும் அதுவேதான்... 'எதிர் பாங்கில எண்றதே இல்லியாம்.'

கடைசியில் அந்தக் கோட்டுதான் மெல்லச் சொன்னது. "உங்ககிட்ட காலையிலே வர்றார். எங்ககிட்ட மத்தியானம் மூணு மணிக்கு. வாசல் வேற, தெரு வேற. அவருக்கு ஊர் புதுசு..."

நான் அஞ்சலையைக் கூப்பிட்டேன். அஞ்சலைக்கு நாலணா. காலையில் மூட்டைகளிலிருந்து நீலச் சாக்கட்டிக் கோடுகளை அழிக்க வேண்டும். மத்தியானம் வெள்ளைக் கோடுகளை அழிக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். பேச்சு குறைவு. கையில் கறுப்புக் குடை. நான் அவரை முன்வாசல் வழியாக அழைத்துப்போனேன். எண்ணினார். ஒரு மூட்டை குறையவில்லை! அதுதானே கொடுமை — ஒரு பாங்குக்கு அந்தச் சரக்கு கனகச்சிதம். என் இதயம் அடித்த அடி அவருக்குக் கேட்கும் என்று பயந்து இருமிக்கொண்டே இருந்தேன். குடையை ஒரு மூட்டைமேல் சாத்தி வைத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தை எடுத்து, 'சரக்கு சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிழைத்தேன் என்று நினைத்தேன். மத்தியானம் வீட்டுக்குப் போய் இரண்டு தரம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இன்ஸ்பெக்டர் தங்கியிருந்த பங்களாவிலிருந்து ஒரு சீட்டு வந்தது. 'என் குடையை உங்கள் ஆபீசில் வைத்துவிட்டேன் போலிருக்கிறது. எடுத்து வைக்கவும்.'

மேஜைக்கு அடியில் குனிந்து தேடினேன். பீரோவுக்குப் பின்னால் தேடினேன். குனிந்தவன் குனிந்தபடியே இருந்துவிட்டேன். குடை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கிறார் என்பதும் தெரிந்துவிட்டது.

ஓடினேன். திண்டிவனம் கடைத்தெருவில், மூன்று மணி வெயிலில், பாங்க் ஏஜென்ட் ஓடினால் என்ன ஆகும்? 'பாங்கி கவிழ்ந்துடுச்சா சார்?' என்று இரண்டு பேர் கூடவே ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லக்கூட மூச்சு இல்லை. பூட்டில் சாவி நுழைய மறுத்தது. ஒருவழியாகத் திறந்து, சந்தில் நுழைந்து, தடவித் தடவிப் போனேன். மூன்றாவது அடுக்கில் குடை சாத்தியபடியே இருந்தது. கைப்பிடியைப் பிடித்துவிட்டேன்.

பின்கதவு திறந்தது.

வெளிச்சம் நேராக என் முகத்தில் விழுந்தது. சேஷாத்ரி நின்றார். அவர் பக்கத்தில் இன்ஸ்பெக்டர். நடுவில், சேஷாத்ரி முன்னமே உள்ளே விட்டிருந்த அஞ்சலை, ஈரத்துணியால் இன்னும் வெள்ளைக் கோடுகளை அழித்துக்கொண்டு.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். எனக்குப் பின்னால் சந்தின் கோடியில், திறந்து கிடந்த முன்கதவின் கீற்று வழியாகக் கடைத்தெருவில் ஒரு மாட்டுவண்டி மெதுவாகப் போவதைப் பார்த்தார்.

"உங்க குடை சார்" என்றேன். வேறு என்ன சொல்ல?

வாங்கிக்கொண்டார். "இது எந்த பாங்க் குடோன்?"

அஞ்சலைதான் பேசினாள். "ரெண்டு பேருதும்தான் சார். காலைல அவருது, மத்தியானம் இவருது."

இன்ஸ்பெக்டர் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மெதுவாகக் கேட்டார். "உங்கள் ரெண்டு ஆபீசுக்கும் எவ்வளவு தூரம்?"

"ஒரு ரோடு அகலம் சார்."

"ஒருநாளாவது உட்கார்ந்து பேசினது உண்டா? யாருக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள் என்று?"

"இல்லை சார்."

"ஏன்?"

"போட்டி சார்" என்றார் சேஷாத்ரி.

அதையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

உத்தரவு வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். வீட்டில் வயிற்றுக் கோளாறு என்று நினைத்தார்கள். ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள்.

ஜெயிலுக்கு அனுப்பவில்லை. எண்ணாமல் கையெழுத்துப் போட்டவர்களையெல்லாம் உள்ளே போட்டால், வெளியே பாங்க் நடத்த ஆள் வேண்டுமே என்று நினைத்தார்களோ என்னவோ. சரக்கை உடனே விற்கச் சொன்னார்கள். எல்லா மண்டிக்காரர்களும் அதே சமயத்தில் விற்கவே விலை இறங்கியது. சர்க்குலர் விரும்பியதும் அதைத்தான். ஆனால் பழைய விலையில் பாதியும் பாதியும் சேர்ந்தால் புது விலையில் முழுசுக்கு மேல் ஆகிறது! துண்டு விழுந்ததை இரண்டு பாங்கும் பங்கு போட்டுக்கொண்டன. பெரிய பாங்க் தாங்கியது. எங்களுடையது தாங்கவில்லை. இரண்டு வருஷத்தில் எங்களை எதிர் பாங்கோடு சேர்த்துவிட்டார்கள். நானும் சேஷாத்ரியும் ஏஜென்ட் பதவி போய், விழுப்புரம் கிளையில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் குமாஸ்தாக்கள். தினமும் மூன்றரைக்கு ஒரே ஓட்டலில் காபி. அந்தக் காபியைத் திண்டிவனத்தில் ஒரே ஒரு நாள் குடித்திருந்தால்...

யோசித்துப் பார்க்கிறேன். அந்த ஐந்து மாதமும் நான் பயந்து நடுங்கிக்கொண்டுதான் இருந்தேன். எதிர் பாங்கைப் பார்த்து, தலைமை ஆபீசைப் பார்த்து, பம்பாய் சர்க்குலரைப் பார்த்துப் பயந்தேன். கடன் வாங்கினவரைப் பார்த்து மட்டும் பயப்படவில்லை. அவர் சோடா கொடுத்தார்.

சரி, வாட்ச்மேன் பிடியில் என்னை விட்டுவிட்டு வந்தீர்களே. அவர் என்னைத் தரதரவென்று முன்பக்கம் இழுத்து வந்தார். அங்கே இன்னொரு வாட்ச்மேன் ஒருவரைப் பிடித்து நிறுத்தியிருந்தான்.

"அண்ணே, இவரு அந்தப் பக்கமா செவுத்தைத் தட்டிப் பாத்துக்கினு இருந்தாரு. உங்க ஆளோட கூட்டாளியா பாருங்க."

கோட்டு. சேஷாத்ரி. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அதற்குள் கட்டிடச் சொந்தக்காரர் கழுத்தில் ஆள் உயர மாலையோடு ஓடிவந்தார். மாலையைத் தள்ளிவிட்டு முகத்தைக் காட்டினார். மண்டி வரதராஜன்! மண்டியை மூடியபின் விழுப்புரம் வந்து, பாங்குகளுக்குக் குடோன் கட்டி வாடகைக்கு விடுகிறாராம். பந்தலில் அந்த மாலைக்குமேல் எட்டிப் பார்த்த மூக்கை எங்கள் இரண்டு பேருக்கும் ஏன் அடையாளம் தெரிந்தது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

"வுடுய்யா, வுடு! நம்ம ஏஜென்ட் சாருங்கய்யா! இன்னா சார் நீங்க, இன்னுமா சந்தேகம்? ஒரே கதவுதான் சார். வாங்க, நல்லா சுத்திப் பாருங்க. ஜல்தியா ரெண்டு சோடா எடுத்தாங்கப்பா!"

சுற்றிப் பார்த்தோம். நான் இடமாக, சேஷாத்ரி வலமாக. உண்மைதான். ஒரே ஒரு கதவு. நான்கு பக்கமும் இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணி, ஒத்துப் பார்த்துக்கொண்டோம். அப்புறம் நிம்மதியாக உட்கார்ந்து சோடாவை அண்ணாந்து குடித்தோம்.

அண்ணாந்தபோதுதான் உறைத்தது — கூரையில் கதவு இருக்கிறதா என்று பார்க்கவில்லை.